திவ்யா கல்யாண வேலைகள் (வாட்ஸ்அப் குழு)

வியாழன்

கார்த்தி: ரிசப்ஷனுக்கு எனக்கு ஒரு கோட்டு சூட்டு வேண்டும். அப்பா 6500 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது என்கிறார். யாராவது வழி சொல்லுங்கள் 🙏

அப்பா: மாப்பிள்ளை சூட்டுக்கே 19 ஆயிரம் ஆகிவிட்டது. கல்யாணம் உனக்கில்லை.

பெரியம்மா: பெரியப்பாவின் கல்யாணக் கோட்டு பீரோவில் அப்படியே இருக்கிறது. எடுத்துக்கொள் கண்ணா. [படம்]

திவ்யா: பெரியம்மா, இதற்குள் இவனைத் தேட வேண்டியிருக்கும் 😂

சின்ன மாமா: வேண்டாம் அக்கா. அந்தக் காலத்துக் கோட்டு, தோளில் எவ்வளவு பெரிய பேட் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம். தோளில் கை வைத்தால் கோட்டையே பிரித்துப் போட வேண்டும். அந்தக் கூலிக்குப் புதுசே வந்துவிடும்.

கார்த்தி: ஆன்லைனில் ஒன்று பார்த்தேன் மாமா. கோட்டு, வேஸ்ட்கோட்டு, பேண்ட் மூன்றும் சேர்த்து 4999. [படம்]

சின்ன மாமா: துணி என்ன?

கார்த்தி: பாலியெஸ்டர் விஸ்கோஸ். லைனிங் முழு பாலியெஸ்டர்.

சின்ன மாமா: மே மாதம், கத்திரி வெயில். மண்டபம் ஏசிதான், ஆனால் பெண்ணுக்குத் தம்பி நீ. வாசலில் பன்னீர் சொம்போடு நிற்கப்போவது நீதான். அதற்கு மேல் வேஸ்ட்கோட்டு வேறா?

சின்ன மாமா: துணியைக் கூட மன்னிக்கலாம், அந்த லைனிங்தான் ஆளை வேகவைக்கும். கடையில் கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார். முதுகில் தோள்பட்டை வரை மட்டும் லைனிங் இருந்து, கீழே வெறும் துணி தெரிந்தால் அது அரை லைனிங். அதை எடு. கைக்குள் மட்டும் லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் சட்டைக் கை சுருட்டிக்கொண்டு மேலே ஏறும்.

அத்தை: லினன் எடுக்கலாமே?

சின்ன மாமா: காற்று நன்றாக வரும். ஆனால் காரில் போய் இறங்கியதும் படுத்து எழுந்த மாதிரி ஆகிவிடும். காட்டனும் லினனும் கலந்தது பரவாயில்லை. மெல்லிய டிராபிக்கல் உல்லன் கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை, காற்றும் வரும், கசங்கினாலும் மாட்டி வைத்தால் நிமிர்ந்துவிடும். நம் பட்ஜெட்டில் வராது.

அப்பா: கோடவுன் தெருவில் துணி எடுத்துத் தைத்தால்? துணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ரெடிமேட் 2500க்கு மேல் போனால் 18.

சின்ன மாமா: எம்ஆர்பியில் வரி சேர்ந்துதான் இருக்கும் அத்தான், பில்லில் தனியாகப் போட்டால் விடாதீர்கள். 58 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், 3 மீட்டர் துணி வேண்டும். சுமாரான துணியே 2000, நம் தெரு டெய்லர் கூலி 4500. அங்கேயே பட்ஜெட் முடிந்தது. முகூர்த்த சீசனில் ஒழுங்காக டிரையலும் பார்க்கவிட மாட்டார்கள். டிரையல் பார்க்காத கோட்டுக்கு ரெடிமேடே மேல்.

சின்ன மாமா: செட்டாகவும் எடுக்காதே. உனக்குத் தோள் அகலம், இடுப்பு சின்னது. கோட்டு சரியாக இருந்தால் பேண்ட் தொளதொளவென்று இருக்கும். கோட்டு தனி, பேண்ட் தனி. நேவி கோட்டுக்கு சந்தன நிறப் பேண்ட். ஒரே நிறம் தேடி அலைய வேண்டாம்.

பெரியம்மா: கோட்டு மெரூன் வெல்வெட்டில் எடுத்தால் போட்டோவில் எடுப்பாக இருக்கும்.

திவ்யா: பெரியம்மா 🙏🙏

சனி

கார்த்தி: தி.நகரில் இருக்கிறேன். காட்டன் லினன், அரை லைனிங், சைஸ் 40, விலை 3600. [படம்] [படம்]

அத்தை: ராஜா மாதிரி இருக்கிறான். எடுத்துவிடு.

சின்ன மாமா: பொறு. கை ஆரம்பிக்கும் இடத்துக்குக் கீழே ஒரு பள்ளம் விழுகிறதே, தோள் உனக்குப் பெரிது. 38 போட்டுப் பார். மேல் பட்டனை மட்டும் மாட்டு, கையை ஆட்டாமல் நில்.

கார்த்தி: [படம்]

சின்ன மாமா: இது சரி. தோள் உட்கார்ந்துவிட்டது. பட்டனைச் சுற்றி எக்ஸ் மாதிரி இழுக்கிறதே, உள்தையலில் துணி விட்டிருக்கிறார்களா பார்.

கார்த்தி: ஒரு பக்கத்துக்கு அரை அங்குலத்துக்கு மேலேயே இருக்கிறது.

சின்ன மாமா: போதும், தையலைப் பிரித்துத் தளர்த்திவிடலாம். இப்போது திரும்பி நின்று முதுகுப் படம் ஒன்று. கோட்டுக் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இடைவெளி வருகிறதா என்று பார்க்கவேண்டும். வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வா, அதை யாரும் ஒழுங்காகச் சரிசெய்வதில்லை.

கார்த்தி: [படம்] ஒட்டித்தான் இருக்கிறது. கைதான் கட்டைவிரல் வரை வருகிறது.

சின்ன மாமா: அது பெரிய விஷயமில்லை. சட்டைக் கஃப் அரை அங்குலம் வெளியே தெரிகிற மாதிரி குறைக்கச் சொல். கைப்பட்டனுக்குக் காஜா நிஜமாக வெட்டியிருக்கிறதா, சும்மா தைத்திருக்கிறதா?

கார்த்தி: சும்மாதான்.

சின்ன மாமா: நல்லது, கீழேயிருந்தே குறைத்துவிடலாம்.

கார்த்தி: கோட்டு 3600, பேண்ட் 1500, ஆல்டரேஷன் 600. மொத்தம் 5700. அப்பா, மீதி 800க்கு ஒரு பெல்ட்?

அப்பா: மீதியை ஜிபே பண்ணு.

சின்ன மாமா: வீட்டுக்கு வந்ததும் கோட்டின் பின்வெட்டில் போட்டிருக்கும் எக்ஸ் தையலைப் பிரித்துவிடு. கையில் இருக்கும் பிராண்ட் பட்டையையும்.

பெரியம்மா: பட்டையை எதற்குப் பிரிக்க வேண்டும்? அது இருந்தால்தானே கம்பெனி கோட்டு என்று தெரியும்!