ஒரே இடம், ஒரே லென்ஸ்: சென்னையில் படமெடுப்பவர்களின் அனுபவக் குறிப்புகள்

கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆனதும் பலருக்கு ஒரு தேக்கம் வரும். அடுத்த லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும். ஆகாது. அந்த நேரத்தில் கைகொடுப்பது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். இரண்டு மாதம், ஒரே லென்ஸ், வாரம் இரண்டு விடியற்காலை. சின்ன சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 35 மி.மீ., பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேமுக்கு 50 போதும்.

இடம் கேட்டால் வட சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேடு என்றுதான் சொல்வேன். இருட்டு விலகுவதற்கு முன்பே மீன் ஏலம் சூடு பிடித்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் உணர்திறன்) 3200, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2, ஷட்டர் 1/250 நொடி என்று தொடங்குங்கள். 1/125க்கு இறங்கினால் ஏலம் கூறுபவரின் கை குழம்பிவிடும். படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் அது எல்.இ.டி. விளக்கின் துடிப்பு. எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100 பெரும்பாலும் பட்டையில்லாமல் வரும். கை உயர்ந்து ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்தினால் 1/100லும் கூர்மை கிடைக்கும்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கி சூரியன் தலைகாட்ட இங்கே இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல்தான். வெளிச்சம் மடமடவென்று ஏறும். மேனுவலில் இருப்பவர்கள் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்க்காவிட்டால் வானம் வெள்ளையாக வெந்துவிடும். சூரியன் எழும் இடமும் நகரும். ஜூனில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. மார்ச்சில் படகின் மூக்குக்கு நேரே எழுந்த சூரியனை ஜூனில் அதே இடத்தில் தேடிப் பயனில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஒன்றும் நடக்காது என்று பலர் போகமாட்டார்கள். வலை பழுதுபார்ப்பது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான். கைகளை நிதானமாகப் படமெடுக்க வருஷத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை.

—

காசிமேடு பற்றி எழுதியவருக்கு நன்றி. முகங்களைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்கக் கறுத்த முகம் இருந்தால் தேவைக்கு மேல் வெளிச்சம் கொடுத்துச் சருமத்தைச் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடும். அங்கே எக்ஸ்போஷரை 0.3 முதல் 0.7 ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). பின்னால் வானமோ கடலோ இருந்தால் நேர்மாறு: முகம் இருண்டுபோகும், 1 ஸ்டாப் கூட்ட வேண்டும். வெள்ளை வேட்டிகள் ஃபிரேமை நிறைத்தால் 0.7 கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். இருண்ட மண்டபத்தில் ஒரே ஒரு வேட்டி வெளிச்சத்தில் நின்றால் 1 குறைக்க வேண்டும். எல்லா முகத்தையும் எடிட்டிங்கில் வெளுப்பாக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் கறுப்புச் சருமம் காட்டும் பளபளப்பை வேறெந்த நிறமும் காட்டாது.

நிழலில் நிறுத்துவது பற்றி ஒன்று. டீக்கடை, மீன்கடை எல்லாவற்றிலும் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதன் அடியில் நிற்பவரின் நெற்றியும் கன்னமும் நீலம் பாய்ந்து வரும். நிறச்சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை மாற்றினால் பின்னணி மஞ்சளாகும், முகம் முழுசாகச் சரியாகாது. ஆளை ஓரடி வெளிப்பக்கம் வரச் சொல்லி, திறந்த பக்கத்து வெளிச்சம் முகத்தில் படும்படி திருப்பினால் போதும்.

வெயிலில் எடுக்கலாமா என்பதற்கு நிழலையே அளவாக வையுங்கள். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்வரை எடுக்கலாம். குட்டையானதும் கண்குழியில் இருட்டு விழும். சித்திரையில் அது காலை 9 மணிக்கே வந்துவிடும். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் சௌகார்பேட்டையின் ஒடுங்கிய தெருக்களுக்குள் போங்கள். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே மெத்தென்று கிடைக்கும்.

—

மயிலாப்பூர்க்காரர்களுக்கு: கபாலீஸ்வரர் கோயிலின் பெரிய கோபுரம் கிழக்கே, தெப்பக்குளம் மேற்கே. சிற்பங்கள் எடுப்பாகத் தெரிய காலையில் கிழக்குப் பக்கம். மாலையில் குளத்தின் மேற்குக் கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து மேற்குக் கோபுரத்தில் விழும். இடம் மாறி நின்றுவிட்டு வானம் வெளுத்துப்போச்சு என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

மார்கழிக் கோலத்தை மேலிருந்து எடுக்கும்போது கேமரா தரைக்கு இணையாக இல்லாவிட்டால் புள்ளி வரிசை ஒரு பக்கம் விரிந்துவிடும். வைட் லென்ஸ் வேண்டாம். இளவெயில் தாழ்வாக வரும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து எடுத்தால் மாவின் மேடு தெரியும். எட்டு மணிக்குள் வண்டிச் சக்கரம் ஏறிவிடும், முந்திக்கொள்ளுங்கள்.

—

வெளிச்சம் எவ்வளவு பழகினாலும் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் எல்லாம் வீண். சென்னையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சைக்கு அது விருந்து.

ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் வாங்க முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 200 கிராம். முள் 45க்கும் 50க்கும் நடுவே நிற்கட்டும். 35க்குக் கீழே வெகுநாள் விட்டால் ரப்பர் பிடி காய்ந்து வெடிக்கலாம். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும். அதைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்கவே கூடாது. அரிசி டப்பாவில் வைப்பதும் தப்பு, மாவுத் தூசு உள்ளே போகும். அந்துருண்டை அதைவிட மோசம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். அறைக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரைமணி கழித்துத் திறங்கள். ஈரம் கவரின் மேல் படியும், லென்ஸில் படியாது.

மெரினா போய்வந்தால் முதலில் புளோயரால் மணலை ஊதுங்கள். துணி அப்புறம். மணலோடு துடைத்தால் கோட்டிங் கீறிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்கும்போது அபெர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. முன்கண்ணாடியில் மட்டும் லேசாக இருந்தால் சுத்தம் செய்யலாம். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

—

எடுப்பதில் பாதிதான் கற்றல். மீதி, தேர்ந்தெடுப்பதில். எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று பட்ட கஷ்டம் படத்தை நல்லதாகக் காட்டும். ஒரு வாரம் கழித்து 40 படங்களை 4×6 அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். பத்து மிஞ்சினால் நல்ல மாதம்.

பார்த்துக் கற்க நம் ஊரிலேயே இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் 1858இல் மெழுகுக் காகித நெகட்டிவில் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 பிரிண்டுகளாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டினார். அதையே பயிற்சியாகச் செய்யலாம்: ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய சுவர், மூன்று மீட்டர் தூரம், சுவருக்கு இணையாக நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தையதோடு மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி. தூரம் ஓரடி மாறினாலும் ஒட்டும்போது செங்கல் வரிசை காட்டிக்கொடுக்கும்.

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வேடந்தாங்கலிலோ பள்ளிக்கரணையிலோ பறவை எடுப்பவர்கள் அவர் படங்களில் விலங்கைச் சுற்றி எவ்வளவு காடு இருக்கிறது என்று பாருங்கள். பறக்கும் நாரைக்கு 1/1600 வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது நிற்கும் தண்ணீரையும் கோரையையும் படத்துக்குள் விட்டுவைப்பதுதான் கடினம்.

—

காசிமேடு போகிறவர்களுக்குக் கடைசியாக: தரையெல்லாம் பனிக்கட்டித் தண்ணீரும் செதிலும், வழுக்கும், ரப்பர் செருப்பு போடுங்கள். கூடை சுமந்து வருபவரின் வழியில் நிற்காதீர்கள். “ஒரு படம் எடுத்துக்கலாமா அண்ணா?”, “அக்கா, எடுக்கட்டுமா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது பிரிண்ட் கொண்டுபோங்கள். யாரென்று தெரியாவிட்டால் படகில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைப் பிரிண்டின் பின்னால் குறித்துவையுங்கள். ஏல இடத்தில் அந்த எண்ணைச் சொன்னால் ஆளைக் காட்டுவார்கள்.