பியோகுரோமோசைட்டோமா: துடிப்பு 110, பீட்டா பிளாக்கரை ஏன் தள்ளிப்போடுகிறார்கள்?

வார்டு செவிலியர்:
வலது அட்ரீனலில் (சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி) 5 செ.மீ. கட்டி, அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும் பியோகுரோமோசைட்டோமா. ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்கள் சிதைந்து வரும் பொருள்) பல மடங்கு அதிகம். பிபி 180/100, துடிப்பு 110. ஆல்ஃபா தடுப்பு மருந்தான டாக்சசோசின் மட்டும் தொடங்கி, ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். நோயாளிக்குப் படபடப்பு தாங்கவில்லை. பீட்டா பிளாக்கரான மெட்டோப்ரோலால் கொடுத்தால் என்ன? உப்பும் தண்ணீரும் நிறையச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிபி நோயாளிக்கு உப்பா?

மயக்க மருத்துவர்:
ஆல்ஃபா தடுப்பு முதலில், பீட்டா பிறகுதான். இரண்டும் அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகள். அட்ரினலின் பீட்டா-2 வழியாகத் தசைகளின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது, ஆல்ஃபா வழியாகச் சுருக்குகிறது. விரிக்கும் வழியை மட்டும் அடைத்தால் பிபி எகிறும். இதயத்தின் வேகத்தையும் சேர்த்துக் குறைத்தால் நுரையீரலில் நீர் கோக்கலாம். மெட்டோப்ரோலால் இதயத்திலுள்ள பீட்டா-1ஐத்தான் பிடிக்கும் என்ற தைரியம் வேண்டாம். இரண்டையும் தடுக்கும் லேபெட்டலாலும் முதல் மருந்தல்ல, அதில் பீட்டா தடுப்பே ஓங்கி நிற்கும். டாக்சசோசின் வேலை செய்யத் தொடங்கி 3-4 நாளாவது போகட்டும்; அப்போதும் துடிப்பு இறங்காவிட்டால் சிறு அளவில் சேர்ப்பார்கள்.

உப்புக்கும் காரணம் அதே குழாய்தான். நெடுநாள் சுருங்கியே கிடந்ததால் உள்ளே ஓடும் ரத்தத்தின் அளவு குறைந்திருக்கும். மருந்து குழாயைத் திறந்ததும் எழுந்து நின்றால் தலைசுற்றும். ஆபரேஷனில் கட்டியின் சிரையைக் கட்டியதும் பிபி சரியும். ஆனால் இதயமோ சிறுநீரகமோ பழுதாகியிருந்தால் உப்பைக் கூட்டக் கூடாது.

சார்ட்டில் உட்கார்ந்தும் நின்றும் எழுதுங்கள். உட்கார்ந்த பிபி 130/80க்குக் கீழே, நின்றால் மேல் எண் 90க்கு மேலே, உட்கார்ந்த துடிப்பு 60-70: இதுதான் பொதுவான இலக்கு.

மருந்தாளுநர்:
ஒன்று விட்டுப்போனது. ஆல்ஃபா மருந்து பிடித்தால் மூக்கு அடைக்கும். நோயாளி சளி என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்தோ ஃபீனைலெஃப்ரின் கலந்த மாத்திரையோ வாங்கிவிடுவார். இரண்டுமே ஆல்ஃபாவைத் தூண்டுபவை. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசியும் கூடாது, கட்டியைக் கிளறி, பிபி திடீரென்று எகிறும் நெருக்கடியைக் கொண்டுவரும். கேஸ் ஷீட்டின் முகப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்:
டாக்சசோசினா, இன்னொரு ஆல்ஃபா மருந்தான ஃபீனாக்சிபென்சமைனா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். நெதர்லாந்தில் 134 பேரிடம் நடந்து 2020இல் வெளியான பிரிஸ்கிரிப்ட் ஆய்வில், ஆபரேஷனின்போது பிபி இலக்கைத் தாண்டியிருந்த நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் ஃபீனாக்சிபென்சமைனில் குறைவு. கிடைக்கிற மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் போதும் என்பேன்.

ஆபரேஷனுக்குப் பின் 24-48 மணி நேரம் பிபியோடு சர்க்கரையையும் விடாமல் பாருங்கள். கட்டி இருந்தவரை அடங்கிக் கிடந்த இன்சுலின் திடீரென்று பெருகி, சர்க்கரை இறங்கிவிடலாம். மயக்கம் தெளியாமல் கிடந்தால் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள்.