கொண்டோவில் 14,600 டொலர் விசேட அறவீடு: வாக்கெடுப்பு இல்லாமல் விதிக்க முடியுமா?

கேள்வி: ஸ்காபரோ உரிமையாளர்

வணக்கம். ஸ்காபரோவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழைமையான ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் சென்ற ஆண்டு நாங்கள் ஓர் அலகை வாங்கினோம். மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தைத் தவறாமல் செலுத்தி வருகின்றோம். இப்போது நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தின் கொங்கிரீற்றைத் திருத்துவதற்கும் நீர்க்கசிவைத் தடுக்கும் மேற்பூச்சைப் புதுப்பிப்பதற்கும் பணம் போதாது என்று கூறி, எங்கள் பங்காக 14,600 டொலரை இரண்டு தவணைகளில் செலுத்துமாறு பணிப்பாளர் சபை கடிதம் அனுப்பியுள்ளது. இதற்காக உரிமையாளர் கூட்டம் எதுவும் நடைபெறவில்லை, வாக்கெடுப்பும் இல்லை. வீடு வாங்கும்போது எங்கள் சட்டத்தரணி பெற்றுத் தந்த, அலகினதும் கட்டட நிர்வாகத்தினதும் நிதி நிலையைக் காட்டும் ஸ்ரேற்றஸ் சான்றிதழிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.

எங்கள் மாடியில் உள்ள சிலர், எல்லோரும் ஒன்றுசேர்ந்து மாதக் கட்டணத்தையும் நிறுத்திவிட்டால் சபை இறங்கி வரும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? எங்களைக் கேட்காமல் இவ்வளவு பெரிய தொகையை விதிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டா?

பதில்: முன்னாள் பணிப்பாளர்

முதலில், தயவுசெய்து பணத்தை நிறுத்தாதீர்கள். ஒன்ராறியோவின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் சட்டத்தின்படி, ஓர் அலகு உரிமையாளர் பொதுச் செலவில் தன் பங்கைச் செலுத்தத் தவறிய உடனேயே அந்த அலகின் மீது கூட்டுத்தாபனத்துக்கு (உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்த, கட்டடத்தை நிருவகிக்கும் அமைப்புக்கு) லீன் எனப்படும் பற்றுரிமை தானாகவே உண்டாகிவிடுகிறது. உங்களிடம் இப்போது கேட்பது போல, மாதக் கட்டணத்துக்கு மேலதிகமாகக் கேட்கும் விசேட அறவீடும் பொதுச் செலவாகவே கருதப்படும். பத்து நாள் முன்னறிவித்தல் கொடுத்து, மூன்று மாதங்களுக்குள் அதைப் பதிவு செய்துவிட்டால், கடன் தந்த வங்கியின் அடமானத்தையும் முந்திக்கொண்டு அந்தப் பற்றுரிமை நிற்கும். அடமானக் கடனைப் போலவே வீட்டை விற்றும் அறவிடலாம். வட்டியும் கூட்டுத்தாபனத்தின் சட்டச் செலவும் உங்கள் கணக்கிலேயே சேரும்.

இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் அயலவர்கள் கவனிக்கவில்லை. முப்பது நாட்களோ அதற்கு மேலோ நிலுவை வைத்திருக்கும் உரிமையாளர் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது. சபையைத் தட்டிக் கேட்க விரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டணத்தை நிறுத்தினால், சபையை மாற்றக்கூடிய வாக்குகள் அனைத்தையும் தாங்களாகவே இழந்துவிடுவார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏற்கெனவே உள்ள பொதுப் பகுதியைப் பழுது பார்ப்பதற்கு உரிமையாளர்களின் வாக்கு தேவையில்லை. அது சபையின் கடமை, அதற்கான பணத்தை அறவிடுவதும் அதன் அதிகாரம். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் மாற்றி அமைப்பதும் வேறு விடயம். அத்தகைய வேலையின் செலவு ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் பத்து வீதத்தைத் தாண்டினால், மொத்த அலகுகளில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும். ஆகவே ஒப்பந்த ஆவணத்தை வாங்கிப் பாருங்கள். திருத்த வேலையோடு புதிய விளக்குகளைச் சேர்த்திருந்தால், அந்தப் பகுதியைப் பற்றி நீங்கள் கேள்வி எழுப்பலாம்.

தரிப்பிடத் திருத்தத்தை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன். பனிக்காலத்தில் வாகனங்களில் ஒட்டி வரும் வீதி உப்பு, உருகிய நீரோடு கொங்கிரீற்றுக்குள் இறங்கி உள்ளே உள்ள இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருமனில் பெருகுவதால் கொங்கிரீற் வெடித்துப் பெயர்கிறது. மேற்பூச்சைக் காலத்தில் புதுப்பிக்காமல் விட்டால் செலவு பல மடங்காகும். நீங்கள் கேட்க வேண்டியது, இந்தச் செலவு, பெரிய திருத்தங்களுக்காக முன்கூட்டியே சேமிக்கும் ஒதுக்கு நிதியின் திட்டத்தில் ஏன் முன்கூட்டியே இடம்பெறவில்லை என்பதைத்தான். ஒதுக்கு நிதி ஆய்வு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற வேண்டும். அது குறைந்தது முப்பது ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அதன் சுருக்கம் உரிமையாளர்களுக்கு அனுப்பப்பட வேண்டும். மாதக் கட்டணத்தை உயர்த்தினால் அடுத்த தேர்தலில் தோற்போம் என்ற அச்சத்தில் ஆய்வு சொன்ன தொகையைச் சபைகள் தள்ளிப்போடுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதன் சுமை பின்னர் வாங்கி வருபவர்களின் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

பதில்: மார்க்கம் வாசகர்

நான் இதை ஏற்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டால் பிறகு யார் திருப்பித் தருவார்கள்? தொகையை ஒரு சட்டத்தரணி பிறர் பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் நம்பிக்கைக் கணக்கில் வைப்பிலிட்டுவிட்டு, வழக்கு முடியும்வரை காத்திருக்கலாமே.

பதில்: சட்ட அலுவலகப் பணியாளர்

அது பாதுகாப்பு அல்ல. கூட்டுத்தாபனத்தின் மீது உரிமையாளர் கோரிக்கை வைத்திருந்தாலும் பொதுச் செலவுக்கான பங்களிப்பிலிருந்து அவருக்கு விலக்குக் கிடையாது என்று சட்டத்தின் 84ஆம் பிரிவே வெளிப்படையாகச் சொல்கிறது. பணம் நம்பிக்கைக் கணக்கில் இருந்தாலும் கூட்டுத்தாபனத்தின் ஏட்டில் நீங்கள் நிலுவைக்காரர்தான். தொகையைச் செலுத்தி, ஆட்சேபத்தோடும் உரிமைகளை விட்டுக்கொடுக்காமலும் செலுத்துவதாக எழுத்தில் தெரிவித்துவிட்டு வாதாடுவதே சரியான வழி. தவணைக் காலம் போதாது என்றால் முகாமையாளரிடம் இப்போதே எழுத்தில் நீடிப்புக் கேளுங்கள். கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் காலக்கெடுவுக்கு முன் கேட்பவர்களுக்குப் பல சபைகள் இணங்குகின்றன.

கேள்வி கேட்டவரின் நிலைமையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஸ்ரேற்றஸ் சான்றிதழ். பொதுச் செலவு உயரக் காரணமாகக்கூடிய எந்தச் சூழ்நிலையும் கூட்டுத்தாபனம் அறிந்தவரை உண்டா என்பதை அந்தச் சான்றிதழ் தெரிவிக்க வேண்டும். அதை நம்பி வாங்கியவரைப் பொறுத்தவரை, சான்றிதழில் உள்ள தகவல் கூட்டுத்தாபனத்தைக் கட்டுப்படுத்தும் என்று 76ஆம் பிரிவு கூறுகிறது. எனவே, சான்றிதழில் உள்ள திகதியன்று சபைக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைக் கண்டறிவதே உங்கள் முதல் வேலை. அத்திகதிக்கு முன்பே பொறியியலாளரின் அறிக்கை சபையின் கைக்கு வந்திருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. அறிக்கை பின்னர்தான் வந்தது என்றால் இந்த வாதம் பெரிதும் தளர்ந்துவிடும்.

இதற்குப் பதிவேடுகளைக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் முப்பது நாட்களுக்குள் சபை பதிலளிக்க வேண்டும். நடப்பு வரவுசெலவுத் திட்டம், கணக்காய்வு செய்யப்பட்ட நிதி அறிக்கை, ஒதுக்கு நிதித் திட்டம், கடந்த பன்னிரண்டு மாதக் கூட்டக் குறிப்புகள் ஆகியவை மின்பிரதியாகக் கட்டணமின்றிக் கிடைக்கும். அதற்கு முந்திய குறிப்புகளுக்கும் பொறியியல் அறிக்கைக்கும் நியாயமான கட்டணம் கேட்கலாம். மறுத்தால் கொண்டோமினியம் அதிகாரசபைத் தீர்ப்பாயத்தில் இணையவழியில் முறையிடலாம். மூன்று கட்டங்களுக்கு முறையே 25, 50, 125 டொலர் கட்டணம். நியாயமான காரணமின்றிப் பதிவேட்டை மறுத்த கூட்டுத்தாபனத்துக்கு 5,000 டொலர்வரை தண்டம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் விசேட அறவீடு சரியா தவறா என்பதை அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. மூல ஆவணமான டிக்ளரேஷனின் ‘டி’ அட்டவணையில், பொதுச் செலவில் உங்கள் அலகு ஏற்க வேண்டிய வீதம் இருக்கும். மொத்த அறவீட்டை அந்த வீதத்தால் பெருக்கிப் பாருங்கள். தரிப்பிடம் தனி அலகாகப் பதிவாகியிருந்தால் அதற்கும் தனி வீதம் உண்டு.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. முதல் தவணையை ஆட்சேபக் கடிதத்தோடு செலுத்திவிட்டேன். கூட்டக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. எங்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பொறியியலாளரின் அறிக்கை சபையில் வாசிக்கப்பட்டு, ‘ஒதுக்கு நிதி போதாது’ என்று பதிவாகியிருக்கிறது. வீதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன், அது சரியாகவே உள்ளது. இனி என்ன செய்வது? பல ஆண்டுகளாக இங்கே வசிக்கும் முதியவர்கள் சிலருக்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: சட்ட அலுவலகப் பணியாளர்

அந்தக் குறிப்புகளையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கொண்டோ வழக்குகளில் அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியை விரைவில் சந்தியுங்கள். ஒன்ராறியோவில் பொதுவான வழக்குக் காலவரையறை, விடயம் தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். 14,600 டொலர் சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் வரம்புக்குள்ளேயே அடங்கும். எனினும் பல கூட்டுத்தாபனங்கள் இத்தகைய ஆதாரத்தைக் கண்டவுடன் வழக்குக்கு முன்பே பேச முன்வரும் என்பதால், முதலில் ஒரு சட்டக் கடிதம் அனுப்புவது நல்லது.

பதில்: முன்னாள் பணிப்பாளர்

சான்றிதழ் வழி, அதை நம்பி வாங்கியவர்களுக்கு மட்டுமே உரியது. நெடுங்காலமாக இருப்பவர்களுக்கு அது பயன்படாது. அவர்களுக்கு உள்ள வழி கூட்டம்தான். வாக்குரிமையுள்ள பதினைந்து வீத அலகுகளின் உரிமையாளர்கள் கையொப்பமிட்டுக் கோரினால், சபை முப்பத்தைந்து நாட்களுக்குள் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கட்டணத்தை நிறுத்தியவர்களின் கையொப்பம் இதில் சேராது.

கூட்டத்தின் நோக்கத்தைக் கோரிக்கையில் தெளிவாக எழுதுங்கள். பொறியியலாளரை நேரில் அழைத்து, எந்தப் பகுதி உடனடி ஆபத்து, எது அடுத்த ஆண்டுவரை பொறுக்கும் என்று கேளுங்கள். முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் அறவிடுவதற்குப் பதிலாகக் கூட்டுத்தாபனம் வங்கிக் கடன் பெற்று, அதை மாதக் கட்டணத்தோடு சேர்த்துப் பல ஆண்டுகளில் தீர்க்கவும் முடியும். அதற்குக் கடன் பெற அனுமதிக்கும் துணைவிதி (கூட்டுத்தாபனத்தின் உள்விதி) ஒன்றைச் சபை நிறைவேற்ற வேண்டும். அது மொத்த அலகுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் உரிமையாளர்களது ஆதரவு வாக்கைப் பெற வேண்டும். வட்டி சேர்வதால் மொத்தச் செலவு கூடும். ஆனாலும் ஓய்வூதியத்தில் வாழ்பவர் ஒருவருக்கு ஒரே தடவையில் பதினான்காயிரத்துக்கும் அதிகமான டொலரைத் திரட்டுவதைவிட அது தாங்கக்கூடியது. கூட்டத்துக்கு வர இயலாத முதியவர்கள் பதிலாளை நியமிக்கும் படிவத்தில் ஒப்பமிட்டு வேறொருவர் மூலம் வாக்களிக்கலாம். அந்தப் படிவங்களைக் கதவு கதவாகச் சென்று சேகரிப்பதற்கு இப்போதே இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்கள்.