அம்மாவின் முதலாண்டு நினைவு மலரில் அறிவொளிக் காலத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: திருமயத்து மகன்

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் கடந்த ஐப்பசியில் தமது 63ஆம் வயதில் காலமானார். வரும் ஐப்பசியில் முதலாண்டுத் திதி வருகிறது. அன்று சிறிய நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு உறவினர்களுக்கும் ஊராருக்கும் கொடுக்க விரும்புகிறோம். அச்சகத்தில் காட்டிய மாதிரிகளில் எல்லாம் ‘குடும்பத்தின் குலவிளக்கே’, ‘பாசத்தின் இருப்பிடமே’ என்ற வரிகளே இருக்கின்றன. அவற்றில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அவற்றைப் படிக்கும்போது என் அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எட்டாம் வகுப்பு வரை படித்திருந்த அம்மா ஊதியமில்லாத தொண்டராகச் சேர்ந்தார். அப்போது எனக்கு ஆறு வயது, தங்கைக்கு மூன்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த் திரும்பிய பெண்கள், வீட்டில் எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டு, இரவு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து அவர்கள் ‘பட்டா’, ‘படி’ என்று எழுத்துக் கூட்டுகிற குரல்களைக் கேட்டபடி அம்மாவின் மடியில் நான் உறங்கிப்போனது நினைவிருக்கிறது. பிறகு அவர் சைக்கிள் ஓட்டப் பழகி, பக்கத்து ஊர்களுக்கும் போகத் தொடங்கினார்.

இதற்கெல்லாம் எழுத்துச் சான்று ஒன்றும் எங்களிடம் இல்லை. அவர் வாங்கிய சான்றிதழ் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி வீணாகிவிட்டது. அப்பாவிடம் கேட்டால், “நல்லா இருந்தா. எழுதிக்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். பெரியப்பாவோ, நல்ல மனைவி, நல்ல தாய் என்று எழுதினால் போதும், இரவில் வெளியே போனதையும் அதனால் வீட்டில் நடந்த பேச்சையும் எதற்காகக் கிளற வேண்டும் என்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தொண்டை எங்கிருந்து திரட்டுவது? பெரியப்பா சொல்வதுபோல் அதை விட்டுவிடத்தான் வேண்டுமா?

மறுமொழி: முன்னாள் ஒருங்கிணைப்பாளர்

தம்பி, உங்கள் தாயாருக்கு என் அஞ்சலி. நான் வேறு ஒன்றியத்தில் பணியாற்றியவன்; அவரை நேரில் அறிந்ததில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் பகுதித் தொண்டர்களின் முகங்கள்தாம் நினைவுக்கு வந்தன.

அந்தச் சைக்கிளை மலரில் ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அறிவொளியின் ஒரு பகுதியாக்கினார். ஒரு பெண் தானாக ஓர் இடத்துக்குப் போய்வர முடிந்தால்தான் அவள் கற்ற எழுத்துக்கும் பயன் இருக்கும் என்பது அதற்குள் இருந்த எண்ணம். ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே பலர் எடுத்துக்கொண்டார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. தெருவில் கேட்கக்கூடாத சொற்களையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் அவர்கள் ஓட்டினார்கள். உங்கள் அம்மா யாருடைய சைக்கிளில் பழகினார், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள்.

சான்று இல்லை என்று வருந்த வேண்டாம். கருமாதியன்று வந்தவர்கள் செய்த செய்முறையை, அதாவது மொய்யை, பெயரோடு எழுதிய நோட்டு வீட்டில் இருக்கும் அல்லவா? அதில் உறவு அல்லாத பெண்களின் பெயர்களையும் ஊர்களையும் தனியே குறித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். அலைபேசியில் கேட்டால் “தங்கமான மனுஷி” என்பதற்கு மேல் வராது. திண்ணையில் உட்கார்ந்தால் வரும்.

மறுமொழி: கற்றவரின் மகள்

என் தாயார் அறிவொளியில் கற்றவர். கல் உடைக்கிற வேலை செய்தவர். முதல் முறை வங்கியில் மைப்பெட்டியை நீட்டியபோது அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டதை, இறக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்தில் கடைசி எழுத்து எப்போதும் கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும்.

பெரியப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும், வீட்டில் எல்லோரும் முதல் நாளிலிருந்தே மகிழ்ச்சியோடு அனுப்பி வைத்தார்கள் என்று எழுதினால், உங்கள் அம்மா எதைத் தாண்டிப் போனார் என்பதே மறைந்துவிடும். யாரையும் குற்றம் சொல்லாமல், ‘வீட்டில் தயக்கம் இருந்தது’ என்று ஒரு வரி எழுதலாம். மனைவி, தாய், தொண்டர் என்று மூன்று தலைப்புகளாகப் பிரிக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. மடியில் மகனைக் கிடத்திக்கொண்டே பாடம் சொன்னவரை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பீர்கள்?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கற்றவர்களின் பெயர்களை அச்சிடும் முன் அவரவரிடம் கேட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் பொறியியல் படிக்கும் வீட்டில், பாட்டி ஒரு காலத்தில் கைநாட்டு வைத்தவர் என்று அச்சில் வருவதை விரும்பாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொன்ன செய்தியை ஊர்ப்பெயரோடு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

மறுமொழி: திருமயத்து மகன்

மூவருக்கும் நன்றி. செய்முறை நோட்டை நேற்றிரவு எடுத்துப் பார்த்தேன். முழுவதையும் எழுதியவர் என் சித்தப்பா மகன். ஆனால் நடுநடுவே 14 வரிகள் வேறு வேறு கையெழுத்தில் இருந்தன. நடுங்கிய, பெரிய எழுத்துகள். சில பெயர்கள் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்து வரியில் ஏறியிருந்தன. அவனிடம் கேட்டபோது, அந்தப் பெண்கள் பேனாவை வாங்கித் தாங்களே எழுதினார்கள் என்றும், வரிசை நின்றதால் தான் சலித்துக்கொண்டதாகவும் சொன்னான். அன்று அதே பந்தலில்தான் நானும் இருந்தேன், கவனிக்கவில்லை.

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். எழுந்து போகவில்லை. சைக்கிள் தம்முடையது என்றும், தங்கை உட்கார முன்கம்பியில் துண்டைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தவரும், மாலையில் விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தவரும் தாமே என்றும் அவராகச் சொன்னார். முதல் மூன்று மாதம் இதற்காக அம்மாவோடு தாம் பேசாமல் இருந்ததையும் சொன்னார். அதையும் எழுதலாமா என்று கேட்டேன். “எழுது” என்றார்.

அந்த 14 பேரில் ஒன்பது பேர் அரிமளம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஞாயிறன்று போகிறேன், அப்பாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.