தோட்டம் தாமானாகிறது, பிளானில் எங்கள் கோயில் இல்லை

பந்திங் தம்பி:
எங்கள் செம்பனைத் தோட்டத்தில் தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, கட்டப் போகிறார்களாம். அப்பாவின் போனுக்கு பிளான் படம் வந்திருக்கிறது. வரிசை வீடு, கடைவீடு, குளம் எல்லாம் இருக்கிறது. மாரியம்மன் கோயில் இருக்கிற இடத்தில் வெறும் பச்சை நிறம். தமிழ்ப்பள்ளியின் பெயரையும் காணோம். கோலாலம்பூர் பக்கத்துப் பெட்டாலிங் ஜெயாவும் தோட்டமாக இருந்ததுதானாமே, அங்கே எப்படிச் செய்தார்கள்? நாங்கள் யாரிடம் போவது?

கிள்ளான் அக்கா:
பச்சை என்றால் திடல், பூங்கா தம்பி. கோயில் என்று எழுதியிருக்காவிட்டால் கோயில் இல்லை என்றே வைத்துக்கொள்.

ஓல்டு டவுன் பெரியவர்:
தம்பி, நான் பெட்டாலிங் ஜெயாவில், அதாவது பிஜேயில், ஓல்டு டவுனில் வளர்ந்தவன். பிஜே முன்பு எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டம், 1,200 ஏக்கர். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷார் போட்ட அவசரகாலத்தில் கோலாலம்பூரைச் சுற்றிப் புறம்போக்குவீடுகள் பெருகிவிட்டன. அந்த ஜனங்களைக் குடியேற்ற 1952-இல் தொடங்கிய துணைநகரம். செக்சன் செக்சனாகப் பிரித்தார்கள். இன்றும் ஜாலான் (சாலை) 14/20 என்றால் முன்னால் இருப்பது செக்சன் எண். அவ்வளவு கணக்காகப் போட்ட ஊர்.

லயத்து ஜனங்களுக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, அந்தக் கணக்கு கிடைப்பதில்லை. வேலை போனால் வீடும் போச்சு. கிள்ளான் பக்கம் என் மாமாவின் லயத்தை 80-களில் உடைத்தார்கள். வாசல் முருங்கையில் நடுவதற்கு ஒரு போத்து வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துப் போனார். கிடைத்தது ஐந்தாம் மாடி பிளாட். அந்தப் போத்து படிக்கட்டிலேயே காய்ந்தது. கோயிலுக்குத் தனிப் பட்டா இல்லை, அதுவும் போனது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

அதனால் கடிதம் வரும் என்று காத்திருக்காதே. 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி நோட்டீஸ் போனாலும் பக்கத்து நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் போகும். லயத்துக்கு வராது. முதலில் நில அலுவலகத்தில் சாரியான், அதாவது பட்டா விவரத் தேடல், எடு. பள்ளி யார் பட்டாவில் இருக்கிறது, கோயில் யார் பட்டாவில் இருக்கிறது என்று பார். பிறகு நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்கு எழுது. பிளானுக்கு ஒப்புதல் கிடைப்பதற்குள் இரண்டுக்கும் தனி லாட் (மனை) கேள். கடிதத்தின் நகலில் சாப் (முத்திரை) வாங்காமல் வெளியே வராதே.

பந்திங் தம்பி:
சாரியான் எடுத்தோம் ஐயா. பள்ளிக்குத் தனி லாட் இருக்கிறது. கோயில் கம்பெனிப் பட்டாவுக்குள்.

ஓல்டு டவுன் பெரியவர்:
பள்ளி பிழைத்தது, நல்லது. கோயிலை நாடாப் போட்டு அள, மண்டபம், கிணறு, அரசமரம் எல்லாம் சேர்த்து. நாலு பக்கமும் படம் எடு, பின்னால் லயம் தெரியட்டும். கடிதத்தை மலாயில் எழுது. எழுதியதும் இங்கே போடு, நான் பார்த்துத் தருகிறேன்.