அலாரம் ‘ஆஃப்’ என்றால் நின்றதா, அடித்ததா?

நைட்ஷிஃப்ட்:
2016இல் சென்னையில் ஒரு கம்பெனியின் சப்போர்ட் டீமில் இருந்தேன். க்ளையன்ட் மான்செஸ்டரில். ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு அங்கிருந்த செக்யூரிட்டி போன் பண்ணி, ‘சர்வர் ரூம் அலாரம் வென்ட் ஆஃப்’ என்றார். ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப், செல்போன் ஸ்விட்ச் ஆஃப் என்றே பழகிய காது. ‘ஓகே, தேங்க் யூ’ சொல்லி, ‘அலாரம் நின்றுவிட்டது’ என்று எழுதி டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். முக்கால் மணி நேரத்தில் மறுபடி போன். ஏசி படுத்து, அறை 41 டிகிரி. மனுஷன் அலாரம் அடிக்கிறது என்று கதறியிருக்கிறார், நான் நன்றி சொல்லியிருக்கிறேன்!

மேனேஜர் திட்டியதுகூட மறந்துவிட்டது. அந்த டிக்கெட்டைப் படித்து டீமே சிரித்தது மறக்கவில்லை. வேறு யாரையாவது இந்த ‘ஆஃப்’ காலை வாரியிருக்கிறதா?

வார்டுநர்ஸ்:
ஏன் இல்லை! பர்மிங்காம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஒரு பாட்டி டீயை வாயில் வைத்ததுமே முகத்தைச் சுளித்து, ‘மில்க் இஸ் ஆஃப்’ என்றார். பால் விடவில்லை என்கிறார் போல என்று அதே பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பால் திரிந்துபோயிருந்தது. சரி, ‘ஆஃப்’ என்றால் கெட்டுப்போனது என்று மனதில் எழுதிக்கொண்டேன். மத்தியானம் பக்கத்துக் கடையில் ‘ஃபிஷ் இஸ் ஆஃப்’ என்றார்கள். இதைக்கூடவா வாய்விட்டுச் சொல்வார்கள் என்று பார்த்தால், மீன் தீர்ந்துவிட்டதாம்!

அப்புறம் அந்தப் பாட்டி ‘ஆஃப் மை ஃபுட்’ என்றபோது உஷாராகக் கேட்டுக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்று அர்த்தம்.

பழைய வாத்தியார்:
நைட்ஷிஃப்ட் தம்பி, ‘ஆஃப்’ என்றால் அணைவது என்று பிடித்துக்கொண்டதுதான் கோளாறு. விலகுவது என்று வைத்துப் பாருங்கள். மின்சாரம் விலகினால் விளக்கு அணையும். சாவி கொடுக்கிற கடிகாரத்தில் தடுப்பு விலகினால் மணி அடிக்கும். பால் தன் குணத்திலிருந்து விலகினால் திரியும். எழுத்தில் ஓர் எஃப் குறைந்த ‘ஆவ்’ இருக்கிறதே, பழைய ஆங்கிலத்தில் அதுவும் இதுவும் ஒரே சொல்தான். 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் முழுசாகத் தனிக்குடித்தனம் போயின.

ஸ்பானர்:
லண்டனில் ஒரு கராஜில் ‘ஆஃப்சைடு முன் டயரைக் கழற்று’ என்றார் சீனியர். கழற்றினேன், இடப்பக்கத்து டயரை. குதிரையை இடப்பக்கம் நின்று பிடித்து நடத்திய காலத்துப் பேச்சாம் அது. ஆளுக்குக் கிட்டே இருக்கும் இடப்பக்கம் நியர்சைடு, எட்ட இருக்கும் வலப்பக்கம் ஆஃப்சைடு. அங்கேயும் நம்மூர் மாதிரி ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் ஆஃப்சைடு என்றால் டிரைவர் பக்கம். நான் கிரிக்கெட் கணக்குப் போட்டேன். அதுவும் நான் இடக்கை பேட்ஸ்மேன்!

கும்பகோணம் பாட்டி:
ஆங்கிலத்தை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? டொராண்டோவிலிருந்து வந்த என் பேரனுக்கு நாலரை வயது. ‘அம்மாவை அணைச்சுக்கோடா’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. அன்றைக்குப் படுக்கும்போது, ‘கண்ணா, அந்த டேபிள் லாம்பை அணைச்சிட்டு வா’ என்றேன். போனவன் லாம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ‘பாட்டி, சுடுது!’ என்றான்.