பாறை இடுக்கில் ஒரு வீடு: மெனெஆம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: பிரான்ஸின் பிரெத்தாஞ் கடற்கரையில், கெர்லுவான் பக்கம் மெனெஆம் என்ற சிற்றூருக்குப் போய் வந்தேன். பெரும்பாறைகளுக்கு நடுவே செருகி வைத்தது போல ஒரு சின்ன வீடு, கூரைகூடக் கல். மீனவர் வீடா? அந்தக் கரையோரப் புல்வெளியில் கல் பதித்த நீளமான பள்ளங்களும் பார்த்தேன். அவை எதற்கு?

பதில் 1: மீனவர் வீடு இல்லைங்க, காவல் வீடு. கடலைக் கண்காணிக்கக் கட்டியது. அப்புறம் சுங்கக் காவலர்கள் இருந்தார்கள். பிறகுதான் மீனவர்களும் கடற்பாசி சேகரிப்பவர்களும் அந்த ஊரில் குடியேறினார்கள்.

பதில் 2: அந்தப் பள்ளங்கள் பாசி அடுப்புகள். எனக்கு வீட்டைவிட அவைதான் முக்கியம். அந்தக் காலத்தில் கடற்பாசியை மணல்மேட்டில் உலர்த்தி, பள்ளத்தில் மணிக்கணக்கில் எரிப்பார்கள். சாம்பல் உருகிக் குழம்பாகும். ஆறியதும் கட்டிகளாகப் பெயர்த்து ஆலைக்கு அனுப்புவார்கள். அப்போது அயோடின் எடுத்தது அதிலிருந்துதான். 1811இல் பிரெஞ்சு வேதியியலாளர் கூர்த்துவா அயோடினைக் கண்டுபிடித்ததே பாசிச் சாம்பலில்! அந்தப் புகையில் நின்று உழைத்தவர்களில் பெண்களும் உண்டு. தயவுசெய்து அந்தக் கற்கள்மேல் ஏறாதீர்கள்.

கேட்டவர்: நன்றி. நான் ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் ரொட்டி சாப்பிட்டேன். இனி மாட்டேன்.